இரவில் எத்தனை தடவை? தோட்டத்துச் சிறுமி ஒருத்தியின் கடும் பெருங்குடல் அழற்சி

இந்தப் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் என் கையெழுத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டாவது, அவளுடைய பெருங்குடலை வெட்டி எடுத்த நாளில் போட்டது. முதலாவது அதற்கு ஏழு வாரம் முந்தியது. மாதம் ஒரு தடவை நான் போய்வரும் நகர ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு, “மலத்துடன் இரத்தம், மூலமா என்று பார்க்கவும்” என்ற குறிப்போடு அவளை அனுப்பியிருந்தார்கள். பார்த்தேன். மூலம் இல்லை, ஆசனவாயில் வெடிப்பும் இல்லை. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதி, “தேவைப்பட்டால் மீண்டும் வரவும்” என்று முடித்துவிட்டேன். வெளியே வரிசை வாசல் தாண்டி நின்றது. நாலு நிமிடம் பார்த்திருப்பேன்.

பிள்ளைகளுக்கு மூலம் வருவது மிக அரிது. அது இல்லை என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்திருக்க வேண்டும்: அப்படியென்றால் இரத்தம் எங்கிருந்து வருகிறது? நான் கேட்கவில்லை. இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். பிள்ளையை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த வழி

வயது 12, தரம் 7. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதக் கடைசியில் வந்து போவார். வீட்டில் பிள்ளையைப் பார்ப்பது அப்பாயி.

நாலு மாதத்துக்கு முன் சாதாரண வயிற்றோட்டமாகத் தொடங்கியது. தோட்ட டிஸ்பென்சரியில் சீதபேதி என்று ஐந்து நாளைக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கியது, திரும்பவும் வந்தது. மறுபடி அதே மாத்திரை. அப்புறம் டவுனில் தனியார் டாக்டர் ஒருவர் எழுதிய அன்டிபயோட்டிக். அப்புறம் முழங்கால் வலி என்று ஐபுபுரூஃபன். கடைசியாக மருந்துக்கடையில் ‘நிப்பாட்டுற மாத்திர’, அதாவது லொபெரமைட். இதில் முழங்கால் வலி ஒரு துப்பு. பெருங்குடல் அழற்சி மூட்டுகளையும் பிடிக்கும். அதற்குக் கொடுத்த ஐபுபுரூஃபன் குடலை மேலும் கிளறிவிடக்கூடியது. லொபெரமைட் வீங்கிய குடலை அசையாமல் நிறுத்தி ஊதவைக்கக்கூடியது. ஆனாலும் தனித்தனியாக எடுத்தால் யார்மீதும் பெரிய குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தம் முன் இருந்த அந்த ஒரு நாளுக்கு மருந்து கொடுத்தார்கள். நாலு மாதத்தையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருக்கவில்லை, என்னையும் சேர்த்து.

இன்னொன்றும் கண்ணை மறைத்தது. வெளிறிய, மெலிந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. தோட்டத்துப் பிள்ளை என்றால் இரும்புச்சத்துக் குறைவு, பூச்சி, சாப்பாடு போதாது என்று மூன்று விடையும் தயாராக இருக்கும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 29 கிலோ. எங்கள் வார்டுக்கு வந்தபோது 26. வளர வேண்டிய வயதில் 3 கிலோ குறைந்திருக்கிறது, இரண்டு எண்ணும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன, நடுவில் ஆறு பக்கம்தான்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அம்புலன்ஸில் வந்தாள். நகர ஆஸ்பத்திரியில் ஒரு பை இரத்தம் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அனுமதித்த இளம் வைத்தியர் நல்ல பையன், கெட்டிக்காரன், ஆனால் தமிழ் தெரியாது. அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் “பட யனவா” என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட்டில், அதாவது வார்டுக் குறிப்பேட்டில், “நான்கு மாத வயிற்றோட்டம், நாளுக்கு எட்டு முதல் பத்துத் தடவை” என்று விழுந்திருந்தது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஆள் அதில் இல்லை.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்: “ராவைக்கு எத்தன தடவம்மா எந்திரிக்குது?”

“மூணு தடவைங்க ஐயா. சில நாளு நாலும் போகும். கக்கூஸு லயத்துக்குக் கீழ படி எறங்கிப் போகணும். சிறுத்த நடமாட்டம்னு சொல்றாங்க, தனியா விட முடியுங்களா? நானும்தான் கூட எந்திரிக்கிறேன். டோர்ச்சுக்கு பெட்டரி வாங்கியே கட்டுப்படியாகல.”

நாலு மாதமாக இரவில் மூன்று தடவை, மழையில், பனியில். அதைத் தெரிந்து வைத்திருந்தவர் பக்கத்திலேயே இருந்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. சும்மா வரும் வயிற்றுக் குழப்பம் தூங்குகிற பிள்ளையை எழுப்பாது. பயத்தால், பரீட்சையால், சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் வரும் போக்கு பெரும்பாலும் பகலோடு நின்றுவிடும். இரத்தத்தோடு, இரவில் எழுப்பி, வாரக்கணக்காக நீடிக்கிற வயிற்றோட்டம் என்றால் குடலின் சுவரில் நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பிறகுதான் இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

அமீபாவா, இல்லையா

நாடித் துடிப்பு 132, காய்ச்சல் 38.2. வயிறு லேசாக உப்பி, இடது பக்கம் தொட்டால் வலி. ஆசனவாயைச் சுற்றித் தோல் மடிப்போ புரையோ இல்லை. அது, குடலில் வரும் இன்னொரு நாட்பட்ட அழற்சியான குரோன்ஸ் நோய்க்கு எதிரான ஒரு சின்னச் சாட்சி. ஹீமோகுளோபின், இரத்தம் ஏற்றிய பிறகும் 7.6. வெள்ளணு 17,000. அழற்சியைக் காட்டும் சீஆர்பி 96. இரத்தப் புரதமான அல்புமின் 21, பொட்டாசியம் 2.9; இரண்டும் குறைவு. அல்புமினைத்தான் நான் முதலில் பார்ப்பேன். புரதம் குடல் வழியே ஒழுகிப் போகிற அளவு அதில் தெரியும்.

சிறுவர்களின் பெருங்குடல் அழற்சிக்கு பியுகாய் என்று ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. வயிற்றுவலி, இரத்தம், மலத்தின் பதம், எத்தனை தடவை, இரவில் எழுந்ததா, நடமாட முடிகிறதா என்ற ஆறு கேள்விகள், மொத்தம் 85 புள்ளி. இரத்தப் பரிசோதனை வேண்டாம், கமரா வேண்டாம், தாயிடம் கேட்டாலே போதும். மலைப்பகுதி ஆஸ்பத்திரிகளுக்கென்றே செய்தது போல இருக்கிறது. 65 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் தாக்குதல். இவளுக்கு 75.

சரி, கடும் அழற்சி. எதனால்? இங்கேதான் சிக்கல். நகர ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மலப் பரிசோதனை அறிக்கையில் “அமீபா காணப்படுகிறது” என்று இருந்தது.

புண்படும் பெருங்குடல் அழற்சி, அதாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றால் மருந்து ஸ்டீரொய்ட். அமீபா என்றால் ஸ்டீரொய்ட் விஷம். குடல் பல இடத்தில் ஓட்டையாகிப் பிள்ளை போய்விடும். எங்கள் பக்கத்தில் இரண்டுமே இருக்கின்றன, இரண்டும் இரத்தமும் சளியுமாகவே போகும். மேல்நாட்டுப் புத்தகங்களில் ஒரு வரியில் தாண்டிப் போகிற இடம் எங்களுக்கு ஒரு முழு நாள்.

அந்த அறிக்கையை நான் நம்பவில்லை. மாதிரியை எடுத்தது காலை ஆறு மணி, ஆய்வுகூடத்தில் பதிந்தது பத்தரை. திசுவைத் தின்னும் நிலையில் உள்ள அமீபா உடலை விட்டு வெளியே வந்தால் அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். குளிர்ந்தால் உருண்டு அசையாமல் போய்விடும். அந்த நிலையில் அழற்சியால் வந்த பெரிய வெள்ளணுக்களை அமீபா என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. போதாததற்கு, தீங்கில்லாத ஓர் அமீபா இனத்தின் கூடும் தீங்கு செய்கிற இனத்தின் கூடும் நுணுக்குக்காட்டியில் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே சிவப்பணுக்களை விழுங்கி வைத்துக்கொண்டு ஊர்ந்து திரிகிற அமீபாவைக் கண்ணால் கண்டால்தான் கண்டதாகக் கணக்கு.

அன்று பின்னேரம் மாதிரி கிடைத்ததும் அந்தச் சின்ன டப்பாவை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நானே மாடிப்படி இறங்கி ஓடினேன். மலைக்குளிர் அதைத் தொடுவதற்குள் கண்ணாடியில் ஏற்ற வேண்டும். ஆய்வுகூடத்தில் இருந்தவர் சிரித்தார். பிறகு என்னோடு சேர்ந்து இருபது நிமிடம் பார்த்தார். எங்கே பார்த்தாலும் சீழணு, சிவப்பணு. ஊர்வது எதுவும் இல்லை. அடுத்தடுத்து எடுத்த இரண்டு மாதிரியிலும் அப்படியே. மலக் கல்ச்சரும், அன்டிபயோட்டிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசிலுக்கான பரிசோதனையும் பின்னர் எதிர்மறையாகவே வந்தன.

செவ்வாய்க்கிழமை காலை, குடலைக் கழுவாமல், காற்றை முடிந்தவரை குறைவாக ஊதி, குழாய்க் கமராவைச் சில அங்குலம் மட்டும் உள்ளே விட்டோம். இப்படி வீங்கிய குடலில் முழுத் தூரமும் போக ஆசைப்படக் கூடாது, கிழிந்துவிடும். ஆசனவாய் விளிம்பிலேயே நோய் தொடங்கியது. மேலே போகப் போக விட்டுவிடாமல் ஒரே சிவப்பு, தொட்ட இடமெல்லாம் இரத்தம், நடுவில் கைவிரல் அகலம்கூட நல்ல சவ்வு இல்லை. அமீபா அப்படிச் செய்யாது. அது பெரும்பாலும் வலது பக்கத்தில் தொடங்கும், ஆங்காங்கே புண் போடும், புண்களுக்கு நடுவில் சவ்வு நன்றாக இருக்கும். சதைத் துண்டு ஐந்து எடுத்து அவசரம் என்று அனுப்பினோம்.

பயொப்சி முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோலை ஊசியாகத் தொடர்ந்துகொண்டே மெதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட்டைத் தொடங்கினோம், கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், நாளுக்கு 40 அளவில். இந்த இரட்டைக் காப்பு சுத்தமான வைத்தியம் இல்லை என்று என் சக வைத்தியர் ஒருவர் முகம் சுளித்தார். நான் இன்றும் அதையே செய்வேன். வியாழன் மாலை நோயியல் வைத்தியர் போனில் சொன்னார்: சுரப்பிக் குழிகள் முறுக்கிக் கிளைவிட்டுக் கோணலாகியிருக்கின்றன, குழிக்குள் சீழ், அடியில் பிளாஸ்மா அணுக்கள் கூட்டமாக, அமீபா இல்லை, சைட்டோமெகலோ வைரஸின் தடயமும் இல்லை. குழிகள் கோணலாக வாரங்கள், மாதங்கள் ஆகும். நேற்று வந்த கிருமி அதைச் செய்ய முடியாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்தான்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். இரத்தம் உறையாமல் இருக்க எனொக்ஸபரின் எழுதியபோது, “இரத்தம் போகிற பிள்ளைக்கா, சேர்?” என்று வார்டு மிஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப வந்து கேட்டார். சரியான கேள்வி. ஆனால் கடும் அழற்சியில் நாளங்களுக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து அதிகம்; குடலில் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும், மூளை நாளத்தில் கட்டுவது தெரியாது. கொடுத்தோம்.

மூன்றாம் நாள்

1955இல் ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவும் விட்ஸும் கார்ட்டிசோன் இந்த நோயை அடக்கும் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை முதல் மருந்து அதுதான். ஆனால் கடும் தாக்குதலில் மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு அளவில் அது பலிக்காது. பலிக்காத பிள்ளைக்கு ஸ்டீரொய்ட்டை இழுத்துக்கொண்டே போவதுதான் பெரிய தவறு. ஒவ்வொரு நாளும் சத்தும் சதையும் போய், கடைசியில் கத்தி வைக்கும்போது தையல் பிடிக்காத உடலாகிவிடும். அதனால்தான் நாள் குறித்து வைத்துப் பார்க்கிறோம். மூன்றாம் நாள் புள்ளி 45க்கு மேல் என்றால் அடுத்த வழிக்கு ஆயத்தம். ஐந்தாம் நாள் 65க்கு மேல் என்றால் அடுத்த வழியில் இறங்கிவிட வேண்டும்.

ஸ்டீரொய்ட் தொடங்கி வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள். புள்ளி 60.

அடுத்த வழி என்றால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளான இன்ஃபிளிக்சிமாப், அல்லது சைக்ளோஸ்போரின், டக்ரோலிமஸ் போன்றவை, அல்லது சத்திரசிகிச்சை. இன்ஃபிளிக்சிமாப்புக்கு முன் காசநோய் இல்லை என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தூங்குகிற காசத்தை அது எழுப்பிவிடும். அதே லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி ஒருவர் போன வருடம்தான் காசத்துக்கு மருந்து முடித்திருக்கிறார். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். காசத்துக்கான மான்டூ தோல் பரிசோதனையில் வீக்கமே இல்லை, ஆனால் இவ்வளவு மெலிந்து ஸ்டீரொய்ட்டிலும் இருக்கிற பிள்ளையின் தோலில் வீக்கம் வராததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிறுவர் வைத்திய நிபுணரோடு பேசி, காச மருந்தையும் சேர்த்தே கொடுத்து இன்ஃபிளிக்சிமாப் போடுவது என்று முடிவெடுத்தோம். மருந்து எங்கள் கையில் இருக்கவில்லை, திங்கட்கிழமைதான் வந்து சேரும்.

அதே வெள்ளிக்கிழமை நான் அம்மாவைக் கூப்பிட்டு ஒப்பரேஷன் பற்றிப் பேசினேன். மருந்து பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம்; இரண்டுக்கும் இன்றே ஆயத்தமாவோம் என்றேன். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எல்லாம் தோற்ற பிறகு நடுச்சாமத்தில் “இனி வேற வழி இல்லை” என்று கடுதாசியை நீட்டினால், ஒப்பரேஷன் ஒரு தண்டனை போலத்தான் கேட்கும்.

“கொடல எடுத்துப்போட்டா புள்ள என்னத்தங்க சாப்புடும்?” என்றார்.

டிக்கெட்டின் பின்பக்கத்தில் படம் போட்டேன். சாப்பாட்டின் சத்தை எடுப்பது சிறுகுடல், அதில் நோய் இல்லை, அதைத் தொடப்போவதில்லை. பெருங்குடலுக்கு முக்கிய வேலை தண்ணீரையும் உப்பையும் இழுப்பது. “ஃபெக்டரியில பச்சைக் கொழுந்த வாட்டுவாங்கதானேம்மா, அந்த மாதிரி ஈரத்த இழுக்கிற வேல. அந்த வேல இல்லாட்டி கழிவு தண்ணியாப் போகும். அவ்வளவுதான்.” அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். “வாட்டாமப் போனா எடை கூடத்தான் இருக்கும்” என்றார். தனக்குள் சொல்லிக்கொண்டது போலத்தான் இருந்தது.

பிள்ளையிடம் பேசுவதுதான் கஷ்டம். நல்ல வேளையாக அன்று கிளினிக் நாள். இதே ஒப்பரேஷனுக்குப் பிறகு, கழிவு சேர்கிற பையை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு வருடமாக இருக்கிற 14 வயதுப் பையன் ஒருவன் பண்டாரவளையிலிருந்து வந்திருந்தான். அவனையும் அவன் அம்மாவையும் கேட்டு வார்டுக்குக் கூட்டிவந்தேன். ஷேர்ட்டைத் தூக்கிக் காட்டினான். அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி: “இதோட பஸ்ல வருவீங்களா அண்ணா?”

“பஸ்லதான் வந்தேன். நின்னுக்கிட்டே.”

மலைப்பாதையில் நின்றபடி வந்திருக்கிறான். நான் அரை மணி நேரம் பேசியதைவிட அது வேலை செய்தது.

ஆறாம் நாள்

ஞாயிறு மாலை புள்ளி 70. திங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு வார்டிலிருந்து போன். மலம் போவது குறைந்துவிட்டது, பிள்ளை அமைதியாகத் தூங்குகிறாள், ஆனால் வயிறு பெருத்திருக்கிறது. இந்த அமைதியைக் கண்டு சந்தோஷப்படக் கூடாது. ஸ்டீரொய்ட் வலியை மூடிவைக்கும். குடல் ஓட்டையானாலும் வயிறு கல்லாக இறுகாது. நாடி 148, காய்ச்சல் 38.9. எக்ஸ்ரேயில் குறுக்குப் பெருங்குடலின் அகலம் 62 மில்லிமீற்றர். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 56ஐத் தொட்டாலே நச்சுப் பெருவீக்கம் என்று கணக்கு. இன்ஃபிளிக்சிமாப் அன்று பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. ஏழரைக்கே பிள்ளை தியேட்டரில் இருந்தாள். கையெழுத்துப் போட அம்மாவுக்கு இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையே கொழும்புக்குப் போன் போட்டுப் பேசி முடித்துவிட்டார்களாம்.

பை வைக்கிற இடத்தைச் சனிக்கிழமையே குறித்திருந்தோம். படுக்கவைத்து, உட்காரவைத்து, நிற்கவைத்துப் பார்த்து, மடிப்பு விழாத இடத்தில், அவளே குனிந்தால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பாவாடை நாடா எங்கே வரும் என்று கேட்டபோது அம்மா, தான் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்குத் துணி கட்டுகிற உயரத்தைத் தன் இடுப்பில் தொட்டுக் காட்டிவிட்டு, “இவளுக்கு அந்த உசரம் தேவப்படாது, இவ படிப்பா” என்றார். அதற்குக் கீழேதான் குறித்தோம்.

செய்தது, மலக்குடலை மட்டும் விட்டுப் பெருங்குடல் முழுவதையும் எடுத்து, சிறுகுடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவருவது. நடுவயிற்றில் நீளக் கீறல். இவ்வளவு ஊதிய குடலில் துளை வழிச் சத்திரசிகிச்சைக்கு இடமில்லை. மழையில் நனைந்த பத்திரிகைத் தாளைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். குடல் அப்படி இருந்தது. இடுக்கியால் பிடிக்க முடியாது, விரல் நுனியால் தாங்கத்தான் முடியும். இடது மேல்மூலையில், மண்ணீரலுக்குக் கீழே, வயிற்றுக்கொழுப்புத் திரை குடலோடு இறுக ஒட்டியிருந்தது. பழக்கத்தில் கை அதைப் பிரிக்கத்தான் போகும். பிரிக்கவில்லை. அந்தத் திரையையும் சேர்த்தே வெட்டி எடுத்தோம். மேசையில் வைத்துத் திறந்து பார்த்தபோது அடியில் பட்டாணி அளவு ஓட்டை. திரை அதை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. பிரித்திருந்தால் வயிறு முழுக்க மலம் கொட்டியிருக்கும்.

மலக்குடலை ஏன் விட்டோம்? அந்த நிலையில் இடுப்புக்குள் ஆழமாக இறங்கினால் இரத்தம் போகும், நரம்பு சேதமாகும், பிற்காலத்தில் சிறுகுடலாலேயே உள்ளே புதுப் பை அமைக்கிற வாய்ப்பும் கெடும். நோயின் வேர் அதில் மிச்சம் இருக்கும்தான், ஆனால் ஆபத்தை உண்டாக்குவது மேலே உள்ள பெரும்பகுதி. மிச்சம் வைத்த துண்டை வேண்டுமென்றே நீளமாக விட்டு, அதன் மூடிய நுனியை வயிற்றுக்குள் தொங்கவிடாமல் கீறலின் கீழ்நுனியில் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தோம். ஆசனவாய் வழியே ஒரு குழாயும் வைத்தோம்.

சிறுகுடல் நுனியை இரண்டரை சென்ரிமீற்றர் வெளியே இழுத்து, சட்டைக் கையை மடிப்பது போல உள்புறம் வெளியே வரும்படி மடித்துத் தைத்தோம். 1952இல் பிரையன் புரூக் சொல்லித்தந்த வித்தை. தோல் மட்டத்தில் விட்டிருந்தால் சிறுகுடல் நீர் தோலை வேகவைத்துவிடும். மூக்குப் போல நீட்டியிருந்தால் நேராகப் பைக்குள் விழும்.

மறுநாள் காலை நாடி 104. ஒரு கிழமையாக 130க்குக் கீழே வராத நாடி. மூன்றாம் நாள் ரொட்டி கேட்டாள், சம்பலோடு. சம்பலுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என்றோம்.

எட்டாம் நாள் கீறலின் கீழ்நுனி சிவந்து, விரிந்து, சளி வந்தது. மலக்குடல் துண்டின் தையல் விட்டிருந்தது. ஸ்டீரொய்ட்டில் இருக்கிற, அல்புமின் குறைந்த உடலில் இது எதிர்பார்த்ததுதான். தோலுக்கு அடியில் வைத்திருந்ததால் வெளியே வந்தது. உள்ளே விட்டிருந்தால் இடுப்புக்குள் சீழ் கட்டியிருக்கும். நாலு வாரம் காயத்தைக் கட்டிக் கட்டியே ஆற்றினோம். எடுத்த குடலின் முழு அறிக்கையும் வந்தது: நோய் மலக்குடல் பக்கத்திலிருந்து வலதுகோடிவரை தொடர்ச்சியாக, சிறுகுடல் நுனி சுத்தம், குரோன்ஸைக் காட்டும் அணுக்கட்டிகள் இல்லை, அமீபா இல்லை. மெட்ரோனிடசோலை அன்றோடு நிறுத்தினோம்.

பையோடு வீட்டுக்கு

இந்தக் கட்டத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். வீட்டுக்கு அனுப்பும்போது “நிறையத் தண்ணீர் குடிக்கவும்” என்று சொல்லி அனுப்பினோம். மூன்று கிழமையில் திரும்ப வந்தாள். கண் குழிவிழுந்து, கெண்டைக்கால் பிடித்து, பை ஒரு நாளில் 1,300 மில்லிலீற்றர் நிறைகிறது. அவளுடைய எடைக்குக் கிலோவுக்கு 50. சிறுநீரில் சோடியம் 10கூட இல்லை. அப்பாயி நாங்கள் சொன்னதைத் தட்டாமல் செய்திருக்கிறார்: தாகம் என்றால் தண்ணீர், இல்லாவிட்டால் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. பெருங்குடல் இல்லாதவருக்கு உப்பில்லாத தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நிற்காது. போகும்போது குடலிலிருந்து இன்னும் உப்பை இழுத்துக்கொண்டு போகும். குடிக்கக் குடிக்கத் தாகம், தாகத்துக்கு மேலும் தேத்தண்ணி.

ஆகவே இப்போது வேறு மாதிரிச் சொல்கிறோம். காலையில் உப்புப் போட்ட கஞ்சி. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புக்கரைசல் பக்கெட்டைக் கரைத்து நாள் முழுக்க மிடறு மிடறாக. தேத்தண்ணி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோப்பை மட்டும். ரொட்டி, சோறு, வாழைப்பழம் பையில் வருவதைக் கெட்டியாக்கும். அம்மாமாருக்கு இதை நான் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்கிறேன். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி, தேத்தண்ணி நிறத்தில் போனால் உடனே வாருங்கள்.

குளிரும் ஒரு தொல்லை. பையின் ஒட்டுத்தட்டு மலைக்குளிரில் விறைத்துப் போய்த் தோலில் ஒட்டாது; காலையில் மாற்றினால் பாடசாலை மணி அடிப்பதற்குள் ஓரம் கிளம்பிவிடும். இதற்கு வழி கண்டுபிடித்தது அவளேதான். மாற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பே தட்டை உறையோடு கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுத்திருப்பாளாம். ஒட்டிய பிறகும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு நூறு எண்ணுவாள். அதை இப்போது மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஸ்டீரொய்ட்டைப் பத்து வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். ஒன்பதாம் மாதம் எடை 37 கிலோ. அந்த மாதம்தான் வயதுக்கு வந்தாள். சடங்குக்கு எங்கள் வார்டு மிஸ்மார் இரண்டு பேர் போய்வந்தார்கள்.

அடுத்தது எப்போது

மிச்சமிருக்கிற மலக்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துப் பை போலத் தைத்து ஆசனவாயோடு இணைப்பதுதான் இரண்டாம் கட்டம். 1978இல் பார்க்ஸும் நிக்கல்ஸும் லண்டனில் தொடங்கியது. 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா அதை ஆங்கில ஜே எழுத்து வடிவில் எளிதாக்கினார். ஆறிவரும்வரை தற்காலிகமாகக் குடல்வாய் ஒன்று வைத்து, மூன்றாம் கட்டத்தில் அதை மூடுவோம். பிறகு வயிற்றில் பை இல்லை, வழக்கமான வழியில் போகலாம்.

உடம்பைப் பொறுத்தவரை அவள் தயார். அப்பாவும் அம்மாவும் ஒன்றாக வந்த நாளில் இரண்டு விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். பெண் பிள்ளைகளுக்கு இடுப்புக்குள் செய்யும் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சினைக்குழாய்களைச் சுற்றி ஒட்டல் விழுந்து, கர்ப்பம் தரிப்பது தாமதமாகலாம். துளை வழியாகச் செய்தால் அந்த ஆபத்துக் குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா, “மொதல்ல புள்ள இருக்கட்டுங்க” என்றார்.

இரண்டாவது, புதுப் பை பழகிய பிறகும் நாளுக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருக்கும். சில பேருக்கு இரவிலும் ஒரு தடவை. பையே அழற்சி கண்டு சில காலம் தொல்லை தரவும் கூடும். இதைச் சொல்லிக்கொண்டு இருக்கும்போதுதான், அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்த பிள்ளை திரும்பினாள்.

“ராவைக்கும் எந்திரிக்கணுமா சேர்?”

“ஒரு தடவ வரலாம் மகள்.”

“அப்ப இப்ப வேணாம்.” இப்போது இரவில் பை நிறைந்தால் காம்பராவுக்குள்ளேயே வாளியில் கொட்டிக் கழுவிவிடுகிறாள், படி இறங்க வேண்டாம், அம்மாவை எழுப்ப வேண்டாம். அவர்களுக்கு 7 பேர்ச் காணியில் புது வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் வீட்டோடு சேர்ந்த கக்கூஸ் வரும். வீடு கட்டி முடியட்டும், அப்புறம் செய்யலாம் என்றாள். ஒப்பரேஷன் பட்டியலைத் தள்ளிப்போட எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன், இதைவிட நியாயமான ஒன்றைக் கேட்டதில்லை. மிச்ச மலக்குடலுக்கு மெசலசீன் உள்வைப்பு மாத்திரை கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கமரா விட்டுப் பார்த்துக்கொள்வது என்று எழுதி, புத்தகத்தில் திகதி போடாமல் விட்டேன்.

போன மாதம் அப்பா கொழும்பிலிருந்து போன் எடுத்தார். அத்திவாரம் போட்டுவிட்டார்களாம். கக்கூஸுக்குக் குழி வெட்டியாயிற்று, சிலாப் போடுவதுதான் மிச்சம், மழை விட்டதும் போட்டுவிடுவார்கள் என்றார்.